தலைவர் இன்னும் ருசி பார்க்கவில்லை

அடுத்தவர் பசிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் ஒரு மனித இனம் உண்டு. அதற்கு ருசி பார்ப்பவர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடும் முன்னே சமையற்கட்டுக்குள் நுழைந்து உள்ளங்கையில் சாம்பார் வாங்குவார். கோயிலில் எல்லாரும் கையேந்தி வரிசையில் நிற்க, இவர் மட்டும் தொன்னையோடு மடைப்பள்ளி வாசலில் நின்று, 'நெய் போதாது' என்று சாமிக்கும் சேர்த்து வருத்தப்படுவார். ஆனாலும் இந்த இனம் செழித்து வளர ஏற்ற இடம் மதிய உணவு போடும் பள்ளிக்கூடம்தான்.

ஏன் என்கிறீர்களா? குடியரசாகிப் பதினாறு வருஷமான நம் நாட்டில், கப்பலேறி வந்த மஞ்சள் ரவையைக் கிண்டிப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். போடும் முன் பெரியவர் யாராவது தின்று பார்த்து, தின்ற பின்னும் நல்லபடியாக இருந்தால், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நல்ல உத்தரவு. பிள்ளைகளின் நன்மைக்காகவே எழுதியது. ருசி பார்க்க ஒரு நிமிஷம் ஆகும் என்பது அதை எழுதிய அதிகாரியின் நினைப்பு. பாவம், கோதண்டத்தை அவருக்குத் தெரியாது.

ஒரகடத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரின் மதிய உணவுக் குழுத் தலைவர் கோதண்டம். பன்னிரண்டரைக்கு உப்புமா இறங்கும். தலைவர் ஒன்றரைக்கு இறங்குவார், மாட்டு வண்டியிலிருந்து. நாற்காலி வரும். அது ஆடும். வேறு நாற்காலி வரும். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வரும். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்வார். ருசிக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. இலைத் துண்டில் ஒரு கவளம் எடுத்து, வாயில் போட்டு, கண்ணை மூடி, அண்ணாந்து முகத்தைக் கூரை ஓடுகளுக்குக் காட்டுவார். நூற்றிருபது பிள்ளைகளும் தட்டை மார்போடு அணைத்தபடி அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கவளம் இறங்கும். உடனே தீர்ப்பு வந்துவிடுமா?

"நல்லாத்தான் கீது. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு கால் மணி நேரம். மஞ்சள் ரவையை அந்த ஊரில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும், இப்படி இருக்கக் கூடாது என்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஒருவருமில்லை, கோதண்டத்தைத் தவிர. "அவங்க ஊர்ல இத்த இப்டிக் கெளற மாட்டாங்கோ" என்பார். அவர் மேற்கே போன தூரம் அரக்கோணம். சந்தேகம் தீர இரண்டாவது கவளம். தீர்ந்ததை உறுதி செய்ய மூன்றாவது. அதற்குள் ஆவி அடங்கி, உப்புமா கட்டி தட்டி, சமையல் செய்யும் பாஞ்சாலி கரண்டியை வைத்துக் கல் உடைப்பதுபோல் உடைத்துத்தான் போடுவாள்.

அந்த வரிசையின் கடைசியில் நிற்பது ஒன்றாம் வகுப்புச் செங்கமலம். அவளுடைய அம்மா கிளியம்மாள் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். மத்தியானம் பள்ளியில் சோறு கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மகளுக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். தலைவருக்கோ அந்த வாரம் ஊர்க்காரியங்கள் அதிகம். மூன்று நாள் அவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். மூன்று நாளும் பசி பொறுக்காமல் செங்கமலம் அம்மாவைத் தேடிக் கொல்லைக்கு ஓடிவிட்டது.

நாலாம் நாள் தலைவர் குன்றத்தூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். அங்கேயும் பாயசத்தை யாராவது ருசி பார்க்க வேண்டுமே! மணி இரண்டு. கால் நிறைய மண்ணோடு கிளியம்மாள் பள்ளிக்குள் நுழைந்தாள்.

"இன்னா வாத்யாரே, இன்னிக்கும் புள்ளைங்கள தட்டோட நிக்க வெச்சிகினு கீற?"

"தலைவரு இன்னும் ருசி பாக்கலம்மா" என்றார் தலைமையாசிரியர் தாவீது. அவர் குரலும் பசியோடுதான் இருந்தது.

"அவரு வந்து மெல்ற வரிக்கும் எம் பொண்ணு வவுறு காயணுமா? சோறு போடறேன்னு சொன்னியேன்னுதான் அனுப்புனேன். கொல்லையில ஒக்காந்து கடலை ஆஞ்சா கூழாச்சும் ஊத்துவாங்கோ. வா புள்ள. நாளையிலேர்ந்து ஸ்கூலும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

செங்கமலம் அழவில்லை. சிலேட்டைப் பாவாடையில் ஒரு முறை துடைத்து, வாத்தியாரிடம் நீட்டியது. அந்த வாரம்தான் 'ஈ' வரை எழுதக் கற்றிருந்தது.

தாவீது சிலேட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாஞ்சாலி அண்டாவின் மேல் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"சார், அந்தக் காயிதத்த எடு சார். இன்னாதான் எய்தி கீது, வாய் வுட்டுப் படி."

அலமாரியிலிருந்து உத்தரவு வந்தது. தாவீது தூசி தட்டிப் படித்தார்: "சமையல் செய்பவரும் ஆசிரியரும் அல்லாத, அவ்வூரைச் சேர்ந்த, வயது வந்த ஒருவர் உண்டு பார்த்து..."

"தலைவருன்னு எங்க கீது?"

தாவீது காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் இல்லை. எழுதாத உத்தரவுக்கு ஐந்து வருஷமாக ஊரே கட்டுப்பட்டு நின்றிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் நாற்காலியே சட்டம் என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா, அப்படி.

சமைக்காத, பாடம் நடத்தாத, அந்த ஊரைச் சேர்ந்த, வயது வந்த ஒருத்தி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கிளி, கைய நீட்டு" என்றாள் பாஞ்சாலி.

கிளியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள். நின்றபடியே வாயில் போட்டாள். நூற்றிருபது பிள்ளைகளும் இப்போது அவள் தொண்டைக்குழியைப் பார்த்தார்கள். விழுங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் ஆயிற்று.

"நல்லா கீது. போடு."

'ஆனா' இல்லை! பிள்ளைகள் நம்பாமல் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். அப்புறம் பாருங்கள் தட்டுகளின் சத்தத்தை. கிளியம்மாள் நோட்டில் கட்டைவிரல் ரேகை வைத்தாள். செங்கமலம் முதலில் வாத்தியார் கக்கத்திலிருந்து சிலேட்டை உருவிக்கொண்டது. பிறகுதான் தட்டை நீட்டியது.

"நாளைக்கும் வந்து பாத்துட்டுப் போறியா?" என்று கேட்டார் தாவீது.

"கொல்லைக்குப் போற வயிதானே. உப்புமா எறங்கனதும் ஒரு கொரல் குடு, வந்துர்றேன்."

மூன்றரை மணிக்குத் தலைவர் வந்தார். நாற்காலி வரவில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். அது ஆடியது.

"யாரு ருசி பாத்தது?"

"கிளியம்மா" என்றாள் பாஞ்சாலி.

"இன்னா சொல்லிச்சி?"

"நல்லா கீதுன்னா."

"அவ்ளோதானா?" தலைவருக்கு மனசு ஆறவில்லை. "அதுக்கு அப்பால?"

"அதுக்கு அப்பால புள்ளைங்க துன்னுச்சிங்கோ" என்றாள் பாஞ்சாலி. பெரிய மனுஷர் சும்மா போகக் கூடாதென்று, அண்டாவின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டி இலையில் வைத்தாள். தலைவர் கண்ணாடியை மாட்டினார், கண்ணை மூடினார், அண்ணாந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா..." என்று தொடங்கிக் கண்ணைத் திறந்தபோது எதிரில் ஒரு பிள்ளையும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து மட்டும் 'உ', 'ஊ' என்று கூட்டமாகக் கத்தும் சத்தம் கேட்டது.

கோதண்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். இந்த இனத்துக்குச் சமையல் மட்டுமே தீனி என்று எண்ணிவிடாதீர்கள். மேசைக்கு வந்த மனுவையும் வைத்துக்கொண்டு ருசி பார்க்கும், சிபாரிசுக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு ருசி பார்க்கும், எழுத்தையும் விடாது. இதோ, இதைப் படித்து முடித்த கையோடு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நல்லாத்தான் இருக்கிறது, ஆனால்..." என்று நீங்களும் வாயெடுக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுங்கள், பின்னால் யாராவது தட்டோடு நிற்கிறார்களா என்று.