பொறுப்புச் செயலரின் அரை நாள் விடுப்பு

“அரை நாள் லீவுதானே சார். சின்னதா ஒரு கையெழுத்து,” என்று இயக்குநரின் மேசை முன்னால் குழைந்து நின்றார் சார்புச் செயலர்.

இயக்குநர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருந்தார். “போடலாம்தான்யா. ஆனா நானே இப்ப லீவு. லீவுல இருக்கிறவன் லீவு குடுக்கலாமா? நீயே சொல்லு.”

“அப்ப யார்கிட்ட கேக்கிறது?”

“என் பொறுப்பைப் பாக்கிறவர்கிட்ட.”

“அது யாரு சார்?”

“நீதான்,” என்று சொல்லிவிட்டு இயக்குநர் படியிறங்கிப் போய்விட்டார்.

நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் எரிசக்தித் துறை அது. மின்சாரம் தயாரிக்க ஒரு பிரிவு, தயாரித்ததைக் கொண்டுபோக ஒரு பிரிவு, வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க ஒரு பிரிவு, கொடுத்த பிறகு சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று உபதேசம் செய்ய ஒரு பிரிவு. நம்ம சார்புச் செயலர் இந்த நாலையும் ஒருங்கிணைப்பவர். அதாவது, அவர் வருவது தெரிந்தால் நாலு பிரிவுக்காரர்களும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். ‘உங்க வேலை என்ன’ என்று மாமனார் கேட்டபோது, பாதி சொல்வதற்குள் அவருக்கே குழம்பிவிட்டது.

அன்றைக்கு மாலை மகளின் பள்ளியில் நாடகம். போன முறை அவள் முயல், அவர் போகவில்லை. அதற்கு முந்தைய முறை மேகம், அப்போதும் போகவில்லை. இந்த முறை சூரியன். அப்பாவுக்கு வராத பதவி உயர்வு மகளுக்கு வந்திருந்தது. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, “நீங்க வரமாட்டீங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்ப்பா. பரவாயில்ல,” என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் ‘பரவாயில்ல’தான் நாளெல்லாம் நெஞ்சை அறுத்தது. இந்தத் தடவை என்ன ஆனாலும் சரி, போயே தீருவது என்று முடிவு கட்டியிருந்தார்.

தன் லீவைத் தானே கொடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஆகவே ஒரு மாடி ஏறி இணைச் செயலரிடம் போனார். அந்த அம்மாள் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க! பொறுப்பு இயக்குநர் நீங்கதானே? நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குது.”

“மேடம், என்னோட லீவு...”

“யார்கிட்ட பொறுப்பைக் குடுக்கிறதுன்னு தவிச்சிட்டிருந்தேன். எனக்கு அடுத்தது இயக்குநர்தான். இயக்குநர் இப்ப நீங்க. பாத்துக்கங்க.”

தலைவலிக்காரர் செண்ட் வாசனையோடு போய்விட்டார். லீவு கேட்கப் போனவர் இணைச் செயலராகத் திரும்பினார்.

அதற்கு மேலே கூடுதல் செயலர். அந்த நாற்காலி ரொம்ப நாளாகவே காலி. காலியாக இருப்பதால் துறையில் எதுவும் நின்றதாக யாருக்கும் தெரியவில்லை. அதையும் தாண்டிச் செயலரிடமே போய்விட்டார். இனி மேலே ஆளே இல்லை. இங்கே கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும்.

“உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்,” என்றார் செயலர்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எந்தச் செயலரும் அவரைத் தேடியதில்லை. மனுஷன் அப்படியே பூரித்துப் போனார். பூரித்தவருக்குப் புத்தி வேலை செய்யுமா?

“அவசரமா அமைச்சரைப் பாக்கப் போறேன். இன்னிக்கு வர மாட்டேன். இணைச் செயலர் நீங்கதானாமே? துறையைப் பாத்துக்கங்க. காரும் டிரைவரும் இங்கேயே இருக்கட்டும்.”

வாயைத் திறப்பதற்குள் அவரும் போய்விட்டார். ஆக, அரை நாள் லீவுக்காக மாடி மாடியாக ஏறிய நம்ம ஆள், நாட்டின் எரிசக்தித் துறைக்கே தலைவராகிவிட்டார்.

செயலரின் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சாய்ந்தார்.

“சாயாதீங்க சார், விழுந்துடுவீங்க,” என்றார் பியூன். “இதுல யாரும் சாயறதில்ல.”

நிமிர்ந்து உட்கார்ந்ததும் மூளை பளிச்சென்றது. இப்போது தானே செயலர் அல்லவா? பேனாவை எடுத்தார். சார்புச் செயலராக விண்ணப்பித்தார். இயக்குநராகப் பரிந்துரைத்தார். இணைச் செயலராக வந்ததும் பழக்க தோஷத்தில், ‘காரணம் போதுமானதாகத் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டார். அப்புறம் மறுபடி இயக்குநராகி விளக்கம் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தால் அவருக்கே திருப்தியாக இல்லை. இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் மணி மூன்றரை ஆகிவிட்டது. கடைசியில் செயலர் தலையிட்டு, ‘போனால் போகிறது’ என்று ஒப்புதல் அளித்தார்.

“அப்ப நான் கிளம்பறேன்,” என்று எழுந்தார்.

பியூன் தலையைச் சொறிந்தார். “செயலர் ஆபீசை விட்டு நகரணும்னா அமைச்சர் சொல்லணுமே சார்?”

“அமைச்சர் எங்க?”

“வெளிய போயிட்டாராம்.”

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? உங்க ஆபீஸே இங்கதான் இருக்கு!”

“எங்க?”

“ஸ்கூல்லதான். நாடகத்துக்கு உங்க அமைச்சர்தான் சிறப்பு விருந்தினர். அவர் கண்ணுல படணும்னு உங்க செயலர் பக்கத்துலயே உக்காந்திருக்கார். பின்னாடி ஒரு அம்மா செண்ட் மணக்க இருக்காங்க. உங்க டைரக்டர் எல்லாருக்கும் தண்ணி பாட்டில் குடுத்துட்டிருக்கார். இருந்த நாற்காலியெல்லாம் உங்க துறைதான். நான் கடைசியில சுவர் ஓரமா நிக்கிறேன். உங்களைத் தவிர எல்லாரும் நம்ம பொண்ணு நாடகத்துக்கு வந்தாச்சு.”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “நான்தாம்மா இன்னிக்குத் துறைக்கே தலைவர். அதான் வர முடியல.”

“தலைவர்னா நினைச்ச இடத்துக்குப் போகலாமே?”

“அப்படிப் போறது பியூன்தான். தலைவர் அமைச்சர் கூப்பிட்டாத்தான் நகரலாம்.”

“அவர் கூப்பிட மாட்டாரா?”

“எங்களை யாரு கூப்பிடுவா? லைட்டெல்லாம் ஒழுங்கா எரிஞ்சா எங்க ஞாபகமே ஒருத்தருக்கும் வராது.”

“பாப்பா திரைக்கு நடுவுல எட்டி எட்டிப் பாத்துட்டிருக்கா,” என்றாள். “சரி, வெச்சுடறேன்.”

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

சற்று நேரத்தில் மேசை போன் அலறியது. அமைச்சரின் உதவியாளர். “இன்னிக்கு யார் சார் செயலர்?”

“நான்... நான்தான்.”

“சூரியன் உதிக்கப் போற நேரத்துல கரண்ட் போயிடுச்சு. அமைச்சர் முன்னாடியே! செயலரைக் கேட்டா ‘இன்னிக்கு நான் இல்ல’ங்கறார். இணைச் செயலரும் இல்லையாம், இயக்குநரும் இல்லையாம். மூணு பேரும் உங்களைத்தான் சொல்றாங்க. உடனே நேர்ல வாங்க!”

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே நம்ம ஆள் செயலரின் காரில் ஏறினார். காரில் போகிற வழியெல்லாம் பிரிவு பிரிவாகப் போன் போட்டார்.

“நாங்க தயாரிச்சு அனுப்பியாச்சு சார். போய்ச் சேரலைன்னா எங்களைக் கேக்காதீங்க.”

“நாங்க கொண்டுபோய்க் குடுத்தாச்சு.”

“அந்தத் தெருவே எரியுது சார். ஸ்கூல் மட்டும் எரியலைன்னா கல்வித் துறையைக் கேளுங்க.”

சிக்கனப் பிரிவுக்காரர் மட்டும் சந்தோஷமாகப் பேசினார். “அணைஞ்சா நல்லதுதானே சார்? மிச்சம்!”

ஹால் கும்மிருட்டாக இருந்தது. மேடையடியில் செயலரும் இணைச் செயலரும் இயக்குநரும் செல்போன் வெளிச்சத்தில் குழு அமைப்பது பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். துறையின் மொத்த அறிவும் அந்த ஹாலில்தான் இருந்தது. எழுந்துபோய் என்ன ஏதென்று பார்க்கத்தான் அன்றைக்கு யாருக்கும் பொறுப்பில்லை.

“நீங்கதான் தலைவரா?” என்றார் அமைச்சர்.

“இன்னிக்கு மட்டும் சார்.”

“எப்பய்யா வரும்?”

“பாத்துட்டிருக்கோம் சார்.” இத்தனை வருஷ சர்வீசில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பதில் அது.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்ப்பதுபோல் சுவரைத் தடவிக்கொண்டே ஹாலின் கடைசிக்குப் போனார். ஒரு வளையல் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

“வந்துட்டீங்களா?” என்று காதோரம் கிசுகிசுத்தாள் மனைவி. “கரண்ட் எங்கயும் போகலைங்க, மெயின் சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. முன்னாடி போய் பாப்பா கண்ணுல படற மாதிரி உக்காருங்க, போடறேன்.”