அவேகோபே நூலகத்தில் ஓர் இறுதிச் சடங்கு

ப்ரெமன் நகரில் பெருமையோடு வாழ்ந்துவரும் மச்சான் கோட்ஃபிரைட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை என்யோனமின் கணவனும் அவேகோபே பொது நூலகத்தின் நூலகருமான கோர்சி அமெவோர் மிக்க பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் கோழிகளும் சுகம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் குளிரில் நடுங்காமல் இருக்கக் கடவுள் கம்பளி போர்த்துவாராக.

நீங்களும் உங்கள் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து அனுப்பிய மூன்றாவது கன்டெய்னர் புத்தகங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் பேனா நகர மறுக்கிறது. உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "எழுதுங்க, எங்கண்ணன் ஒண்ணும் கடிச்சிட மாட்டாரு" என்கிறாள். மச்சான், முதல் கன்டெய்னர் அலமாரிகளை நிறைத்தது. இரண்டாவது மேசைகளை நிறைத்தது. மூன்றாவது வந்தபோது நான் வெளியே போக வேண்டியதாயிற்று. பனி அள்ளும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பது எப்படி என்கிற புத்தகங்கள் மட்டும் ஒரு சுவர் உயரத்துக்கு இருந்தன. இல்லாமல் போன நாடுகளின் வரைபடங்கள், உங்கள் ஊர் வருமான வரிச் சட்டம், மலேரியாவுக்கு நம் டாக்டர்கள் எப்போதோ கைவிட்ட மாத்திரையை விழுங்கச் சொல்கிற வைத்திய நூல்கள் எல்லாம் இருந்தன. உலகத்தில் நேற்று நடந்ததைக்கூடக் காட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்றை, இணைய வசதியோடு, அரசாங்கம் கொடுத்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் பனி இயந்திரப் புத்தகங்களுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அதன் விசிறிச் சத்தம் கேட்கும், ஆள் போக முடியாது.

இந்த நிலையில்தான் நர்ஸிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற சிட்ஸோஃபே என்ற பெண், நாற்காலி கிடைக்காமல் ஒரு புத்தகக் குவியல்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அடியில் எதையோ உருவியிருக்கிறாள். மொத்தச் சுவரும் சரிந்து, பெண்ணைத் தோண்டி எடுத்தபோது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவள் அம்மா யாவா, கருவாடும் புகைமீனும் விற்பவள், தலையில் கூடையோடு அப்படியே வந்து நின்றாள்.

"எம்பொண்ணு இங்க படிக்க வந்தாளா, பொதைய வந்தாளா? காலேஜுக்கு விண்ணப்பம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் போடணுமாம். கடைசித் தேதி போயிடுச்சுன்னா உன் வாசல்லயே கடை போட்டு மீன் சுடுவேன், பாத்துக்க!"

மச்சான், எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்றே துணிந்து, உதவாத புத்தகங்களை வேலிக்கு வெளியே அடுக்கி, "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி வைத்தேன். மறுநாள் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர் டோட்சே தள்ளுவண்டியில் அத்தனையையும் கொண்டுவந்து, "நூலகரே, எவனோ ஒரு பொறுக்கி உங்க புத்தகத்தையெல்லாம் தெருவுல போட்டுட்டுப் போயிருக்கான், நல்லவேளை நான் பாத்தேன்" என்று வியர்க்க விறுவிறுக்க உள்ளே அடுக்கிக் கொடுத்தார். நன்றி சொல்லி அனுப்பினேன், வேறென்ன செய்ய? அடுத்து வாழைப்பழ வறுவல்காரிக்குப் பொட்டலம் மடிக்கக் கொஞ்சம் கொடுத்தேன். வறுவல் தின்ற ஊராட்சி உறுப்பினர் கடைசித் துண்டுக்கு அடியில் நூலக முத்திரையைக் கண்டுபிடித்து, நான் கல்வியை எண்ணெயில் பொரிப்பதாக ஊர்த்தலைவர் டோக்பேயிடம் புகார் செய்துவிட்டார்.

டோக்பே தன் முற்றத்தில் ஊரைக் கூட்டி என்னை நிற்க வைத்தார். அவரே முன்னோருக்குச் சாராயம் வார்த்து, மத்தளம் கொட்டி வரவேற்ற புத்தகங்கள் அல்லவா அவை!

"நான் விருந்தாளின்னு கூப்பிட்டு உக்கார வச்சவங்கள நீ தெருவுல தள்ளுவியா?"

பயத்தில் வாய் உளறியது. "டோக்பே, அவங்க செத்துப் போயிட்டாங்க."

டோக்பே முன்னால் சாய்ந்தார். "செத்துட்டாங்களா? எப்போ?"

"சிலர் இங்க வர்றதுக்கு முன்னாடியே."

"அப்போ ஏண்டா இன்னும் அடக்கம் பண்ணல? இத்தன நாள் பொணத்த வீட்டுல வச்சுக்கிட்டு என்ன ஊரு இது!"

இப்படித்தான், மச்சான், உங்கள் அன்பளிப்புக்கு ஊரே சேர்ந்து இறுதிச் சடங்கு நடத்தியது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மின்கம்பம் தோறும் மரண அறிவிப்புச் சுவரொட்டி. இருப்பதிலேயே பழைய வரிச்சட்டத்தின் படம், பிறந்த ஆண்டு, கீழே துக்கத்தில் வாடுவோர் வரிசையில் முதலாவதாக என் பெயர். சனிக்கிழமை பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பித்தளை வாத்தியக் குழு. எல்லாரும் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்தார்கள். டோட்சே ஆசிரியர் நிஜமாகவே அழுதார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க ஜனங்கள் வரிசையில் வந்தார்கள், அங்கேதான் விஷயம் கெட்டது. முகம் பார்த்தவர்கள் புரட்டவும் ஆரம்பித்தார்கள். வரிசை நகரவே இல்லை. யாவா அம்மாள் கடல் மீன்களின் படப் புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யோவ், இதுக்கு உசிரு இருக்குய்யா! இத ஏன் எனக்கு முன்னாடியே காட்டல?"

"அம்மா, அது எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

"என்னய்யா நூலகர் நீ!"

அதற்குள் தச்சர் ஒரு கட்டு, பாதிரியார் ஒரு கட்டு என்று ஆளாளுக்கு இரவல் எடுத்தார்கள். நான் தவணை நாள் முத்திரை குத்திக் குத்திக் கட்டைவிரல் நீலமாயிற்று. சாயங்காலம் குழி வெட்டினவர் வந்து, "எதைய்யா பொதைக்கிறது?" என்று கேட்டார். ஒன்றுமே மிச்சமில்லை. அவரும் பனி இயந்திரப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நூலகத்தைக் கழுவிவிட்டோம். தரை சிவப்பு நிறம் என்பதே எனக்கு மறந்திருந்தது. சிட்ஸோஃபே கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பி முடித்து, "போயிடுச்சு சார்" என்று திரும்பிச் சிரித்தாள். அதனால், மச்சான், இரு கை கூப்பிக் கேட்கிறேன். நான்காவது கன்டெய்னர் வேண்டாம். இங்கே எல்லாம் சரியாகிவிட்டது. இனி எதையுமே அனுப்ப வேண்டாம்.

உங்கள் கூரை ஒழுகாமலும் முழங்கால் வலிக்காமலும் இருக்க உங்கள் தங்கையும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் பணிவுள்ள,
கோர்சி அமெவோர்

பி.கு.: தபால் தலை வாங்குவதற்குள் புத்தகங்களைத் திருப்பித் தரும் தவணை நாள் வந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் நேர்மையானவர்கள், மச்சான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். "வெறுங்கையோட எப்படி வர்றது நூலகரே?" என்று, வீட்டில் கிடந்த பழைய பாடப் புத்தகம், சபைப் பத்திரிகை, தாத்தாவின் நாட்காட்டி எல்லாவற்றையும் சேர்த்து அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இருக்கும் மூலையை மட்டும் யாவா அம்மாள் மீன் கூடைகளால் மறித்துக் காக்கிறாள். இதை நான் வெளியே வேலியோரம் நின்றுதான் எழுதுகிறேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, தயவுசெய்து அந்த நான்காவது கன்டெய்னரை உடனே அனுப்பிவையுங்கள். காலியாக.