சனி அம்பும் செவலையின் பாலும்

சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும்? கோயிலில் பாதி, லாட்ஜ் மாடியில் மீதி. கோயிலில் இருப்பவர் சனீஸ்வரர். லாட்ஜ் மாடியில் இருந்தவர் அம்புச் சித்தர். சனியின் பார்வையைப் பங்குச் சந்தைப் பக்கம் திருப்பிவிடத் தெரிந்த ஒரே ஆள் என்று வாசலில் போர்டே வைத்திருந்தார்.

சித்தர் என்றதும் சடைமுடி, திருவோடு என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்திரி போட்ட காவிச் சட்டை, முன்னால் ஒரு லேப்டாப். அதில்தான் 'சனி அம்பு' குடியிருந்தது. பங்கு விலை ஏறி இறங்கும் கோட்டின் மேல் அது தானாகவே அம்பு போடும். பச்சை என்றால் வாங்கு, சிவப்பு என்றால் விற்றுவிடு. சுவரில் விழும் படத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் பச்சை, ஒவ்வொரு உச்சியிலும் சிவப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவர் சொல்லி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்களே என்றால், அது அவரவர் ஜாதகக் கோளாறாம். நல்ல வசதி!

சுரக்குடி சுப்ராயனுக்கு அந்த லேப்டாப் மேல் அப்படி ஒரு பக்தி. இன்னும் ஒரு பங்குகூட வாங்கியதில்லை. முதலில் அருள், அப்புறம் பங்கு என்றிருந்தார். ஒரு சனிக்கிழமை பக்தி முற்றிப்போய், எள் முடிச்சுப் போட்ட நல்லெண்ணெய் விளக்கைக் கொண்டுபோய் லேப்டாப் மேலேயே வைத்தார். விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போது முழங்கை பட்டது. திரி அணைந்தது, எண்ணெய் அத்தனையும் கீபோர்டுக்குள் இறங்கியது. லேப்டாப் கண்ணை மூடிவிட்டது.

"போச்சே!" என்று அலறினார் சித்தர். "பன்னெண்டு வருஷத் தவம்யா! பகவான் அம்பத் திரும்ப வாங்கிக்கிட்டாரு!"

சுப்ராயன் தோள் துண்டால் கீபோர்டைத் துடைத்துப் பார்த்தார். இத்தனை பேர் பிழைப்பில் எண்ணெய் ஊற்றிவிட்ட பாவி ஆகிவிட்டாரே! "சாமி, ஏதாச்சும் பரிகாரம் சொல்லுங்க" என்று காலைப் பிடித்தார்.

பரிகாரம் தயாராக இருந்தது. நாற்பத்தெட்டு நாள் ஹோமம். தொலைந்த அம்பின் புரோகிராம் எழுத்து எழுத்தாக மேலேயிருந்து இறங்கி வருமாம். செலவு? சுப்ராயனின் வாய்க்கால் ஓரத்து ஒரு மா நிலம், அதாவது முப்பத்துமூன்று சென்ட், என்ன விலைக்குப் போகுமோ, எப்படியோ சரியாக அதே தொகை. "தோஷம் உன்னோடது. லேப்டாப்ப மஞ்சத் துணியில கட்டி உன் வீட்டுலயே வை. தொறந்துடாத" என்றார் சித்தர். அடுத்த சனிக்கிழமை நிலத் தரகர் பாலகுரு அட்வான்ஸோடு லாட்ஜுக்கே வருவதாக ஏற்பாடு.

வீட்டில் காசியம்மா கொதித்தாள். "நம்ம சோறு அந்த ஒரு மாவுல இருக்குங்க. எண்ணெ கொட்டுன டப்பாவுக்காக அத விப்பாங்களா?"

"சாமி குத்தம்டி. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல."

"எனக்கு இருக்கு. எந்திரிங்க" என்று மஞ்சள் மூட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு காரைக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். சுப்ராயன் பின்னாலேயே ஓடினார், புலம்பிக்கொண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜன்னத்தின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவள் ஸ்குரூவைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். "எண்ணெய் இதுக்குள்ள போகலண்ணே. இந்த சாஃப்ட்வேர் மூடுற ஒவ்வொரு தடவையும் தானாவே பேக்கப் எடுத்து வச்சிருக்கு." சித்தருக்கு இது தெரியாது போலிருக்கிறது. பாவம், தவத்தில் இருந்தாரோ என்னவோ! வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் பேக்கப் ஃபைலிலிருந்து புரோகிராம் முழுதாக வந்துவிட்டது.

"என் பாவம் போச்சு!" என்று சுப்ராயன் அழுதேவிட்டார்.

புரோகிராமைப் படித்த ஜன்னத் சிரித்தாள். "சனி பேரு தலைப்புல மட்டும்தாண்ணே இருக்கு. வெல எறங்குதான்னு மூணு நாள் பாக்குது. எறங்குனப்புறம் பின்னாடி போயி, உச்சியில அம்பு போட்டுட்டு வந்துடுது. முடிஞ்ச கதைக்குத்தான் அம்பு."

சுப்ராயன் காதைப் பொத்திக்கொண்டார். அப்போது ஜன்னத் கேட்டாள், "தெனமும் ஏறி எறங்குற கணக்கு எதாச்சும் வீட்டுல இருக்காக்கா?"

காசியம்மா பைக்குள்ளிருந்து பால் சொசைட்டி புத்தகத்தை எடுத்தாள்.

சனிக்கிழமை. லாட்ஜ் மாடி நிறையக் கூட்டம். மூலையில் மடியில் பையோடு பாலகுரு. "சாமி, அம்பு திரும்பி வந்துடுச்சு!" என்று சுப்ராயன் அறிவித்தார். சித்தர் முகத்தில் ஈயாடவில்லை. கூடவே வந்திருந்த ஜன்னத்தின் லேப்டாப்பிலிருந்து சுவரில் படம் விழுந்தது. பள்ளத்திலெல்லாம் பச்சை, உச்சியிலெல்லாம் சிவப்பு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் சித்தருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஹோமத்துக்கு நெனச்சதுமே பகவான் எறங்கிட்டாரு! பாருங்க, என்ன மாதிரி கம்பெனி! சனி பார்வை பலமா விழுந்திருக்கு."

"கம்பெனி இல்லீங்க. எங்க வீட்டுச் செவல மாடு. ரெண்டு மாசமா கறந்த பாலு" என்றாள் காசியம்மா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மாடும் சனிக்குக் கட்டுப்பட்டதுதான்!" என்று கத்தினார் சித்தர்.

சுப்ராயன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் கடைசி நுனி மேலே ஏறி நின்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் அம்பைக் காணவில்லை. "சாமி, இதுக்கு மேல ஏறுமா, எறங்குமா?"

"ஏறும்யா. பச்ச வரும்."

"இந்த வாரக் கணக்க இன்னும் போடல" என்று ஜன்னத் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளாகத் தட்டினாள். கோடு இறங்கியது. மறுபடி இறங்கியது. மூன்றாவது நாளைத் தட்டியதும் ஒரு சிவப்பு அம்பு, ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்ததைப் போல, பின்னால் உச்சியில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"புதுத் தீவனம் ஒத்துக்கல. அதான் பாலு கொறஞ்சுது" என்றாள் காசியம்மா.

"மாட்டோட ஜாதகம் இல்லாம..." என்று ஆரம்பித்த சித்தரைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. கொடுத்த காணிக்கையைக் கேட்கத்தான். சுப்ராயன் அந்தப் பக்கம் போகவில்லை. நேரே பாலகுருவிடம் போய், "நெலத்தக் குடுக்கறதா இல்லண்ணே. நாத்து நடணும்" என்றார்.

இப்போது அதே மாடிக்கு ராகு அம்போடு வேறொருவர் வரப்போகிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போன மாதத்து அம்பை அவர் காட்டும்போது, 'நாளைக்கு?' என்று மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு மா நிலம் விற்க வேண்டியதில்லை.