கிணற்றுச் சுறாவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்

எங்கள் பிரதேசத்தில், செத்தவர்களை ஞாபகம் வைத்திருக்கும் வேலையைச் சனங்கள் இதுவரை எவருடைய அனுமதியும் இல்லாமல் தாங்களாகவே செய்துகொண்டு வந்தார்கள். இந்த ஒழுங்கீனம் போன சித்திரையோடு முடிவுக்கு வந்தது.

முடித்துவைத்தவர் நினைவுகூரல் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஜெயதீபன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கந்தோரில் இருந்தபடி பேஸ்புக்கில் மணிப்பூர்ச் சனங்களின் பக்கம் ஒன்றைக் கண்டார். அங்கே குளிருக்கு அடுப்பைச் சுற்றி இருந்து பழங்கதை சொல்லுவது வழக்கமாம். போர்வை போர்த்த ஒரு மனுசி நெருப்புக்கு முன்னால் இருந்து, செத்துப்போன தமையனைப் பற்றி மெதுவாக ஏதோ சொன்னா. ஜெயதீபனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கீழே நாற்பதாயிரம் லைக் இருந்தது. அது விளங்கியது.

அடுத்த கிழமை சுற்றறிக்கை வந்தது. "ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவும் மூன்று நிமிடத்துக்கு மேற்படாத நினைவுக்கதை ஒன்றை முகநூலில் பதிவேற்றுதல் வேண்டும். நெருப்பு கட்டாயமானது. போர்வை கட்டாயமானது. கதைசொல்லி அழுவது வரவேற்கப்படும்."

எங்கள் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரிக்கு இது பிள்ளையாரே அனுப்பிய கடிதமாகத் தெரிந்தது. தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற அவவின் மனுசன் பொன்னம்பலம் செத்து அப்போது ஒன்பது மாதம். கனடாவில் இருக்கிற ஏழு வயதுப் பேத்தி ஆரணி அவரை நேரில் கண்டதில்லை.

"அந்தாள் ஆரெண்டு அவளுக்குத் தெரியவேணும் அண்ணை. நான் போனிலை சொல்லத் துவங்கினால் எழும்பி ஓடுறாள். வீடியோவிலை வந்தால் பாப்பாள்."

ஜெயதீபனின் கந்தோருக்கு அவவுக்குத் துணையாக நான் போனேன். என்னுடைய வாயைப் பற்றி ஊரில் ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை நான் மறுப்பதில்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்றுதான் போனேன்.

கேதீஸ்வரி ஜெயதீபனுக்குச் சொன்னா: "சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலம் தம்பி. பெற்றோல் இல்லை. இவர் மண்ணெண்ணெயிலை மெசினை ஓடப்பண்ணுவார். ஆருடைய தோட்டமெண்டாலும், தண்ணி கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருமட்டும் வரம்பிலை குந்திக்கொண்டு இருப்பார். சேர்ந்தாப் பிறகு அந்தத் தண்ணியிலை கையைக் கழுவிப்போட்டுத்தான் வருவார். வீட்டை வரேக்கை எப்பவும் கை ஈரமாத்தான் இருக்கும்."

"பிறகு?"

"பிறகென்ன, சாப்பிடுவார்."

ஜெயதீபன் பேனையை மூடினார். "அம்மா, கோவிக்கக்கூடாது. படிவத்திலை 'வியத்தகு சம்பவம்' எண்டொரு கட்டம் கிடக்கு. அதை வெறுமையா விட்டால் கொம்பியூட்டர் எடுக்காது."

"கை ஈரம் எண்டு எழுதுங்கோவன்."

"ஈரத்துக்கு ஆர் அம்மா லைக் போடுவினம்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப இதை எழுதும் தம்பி. நிலாவரைக் கிணறு கடலோடை தொடுப்பு எண்டு சொல்லுறவை எல்லோ? எங்கடை ஊர்த் தோட்டக் கிணறும் அப்பிடித்தான். ஒருநாள் பொன்னம்பலத்தார் பூட்டின மெசின் இழுத்த இழுவையிலை கீரிமலைக் கடல் ஒரு அடி வத்தி, இரண்டு அங்குலக் குழாயாலை ஒரு சுறா வந்து வெங்காயப் பாத்தியிலை விழுந்தது."

நக்கலுக்குத்தான் சொன்னேன். ஜெயதீபன் பேனையைத் திறந்தார்.

"எத்தினை அடி?"

"எட்டு."

"உயிரோடையோ?"

"மூச்சு இருந்தது."

"இதை ஏன் அம்மா முதலே சொல்லேல்லை?"

"ஐயோ, அது பொய் தம்பி!"

"பொய்யோ மெய்யோ எண்டு கேக்கப் படிவத்திலை கட்டம் இல்லை அம்மா. நாளைக்குக் கடைசி நாள். சுறா இல்லையெண்டால் எங்கடை பிரிவின்ரை இடத்தைப் பக்கத்துப் பிரிவுக்குக் குடுக்கவேண்டி வரும்."

கேதீஸ்வரி படிவத்தை எட்டிப் பார்த்தா. "முடிவிலை அந்தக் கை கழுவினதைச் சொல்ல விடுவியளோ?"

"நேரம் மிஞ்சினால்."

அடுத்தநாள் பன்னிரண்டு மணிக்கு, கொதிக்கிற வெயிலில், நெருப்பு மூட்டி எங்கள் இரண்டு பேரையும் போர்த்து இருத்தினார்கள். நான் சொன்ன சுறாவுக்கு இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன் போனது. மிச்சப் பத்துச் செக்கனில் கேதீஸ்வரி வாயைத் திறந்தா. புகை உள்ளே போய், இருமி, கண்ணாலும் மூக்காலும் ஓடியது. "உருக்கம்!" என்றார் ஜெயதீபன். வீடியோ முடிந்தது.

அறுபதாயிரம் லைக். மணிப்பூரை வென்றுவிட்டோம் என்று கந்தோரில் கேக் வெட்டினார்கள். கீழே அனுதாபங்கள் குவிந்தன, முக்கால்வாசி சுறாவுக்கு. முப்பத்தோராம் நாள், செத்தவீட்டு வழக்கப்படி சுறாவின் படத்துக்கு மாலை போட்டு, அதன் குணநலன்களைப் பாடிய கல்வெட்டுப் புத்தகமும் வெளியிட்டார்கள். கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி அடித்து, மரபுரிமைச் சின்னம் என்று பலகை தொங்கவிட்டார்கள். இறைப்புத் தடை. வெங்காயம் வாடியது.

நான் ஜெயதீபனிடம் போனேன். "தம்பி, நான் சொன்னது முழுப் புளுகு."

"முந்நூற்றுப் பதினேழு பேர் கண்ணாலை கண்டதா எழுதியிருக்கினம் ஐயா. நீங்கள் ஒராள். சுறா வரேல்லை எண்டதைக் கண்ட சாட்சி ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஊரெல்லாம் அலைந்தேன். வெங்காயம் வாடின தோட்டக்காரன் தில்லைநாதனே தலையைச் சொறிந்தான். "புளுகெண்டு தெரியும் அண்ணை. ஆனால் வால் துண்டு நான்தான் திண்டனான் எண்டு லண்டன் மருமகனுக்குச் சொல்லிப்போட்டன்."

இரண்டு அங்குலக் குழாயால் எட்டடிச் சுறா எப்படி வந்தது என்று இன்றைவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும்தான்.

பொன்னம்பலத்தின் ஆண்டுத் திவசத்தன்று காலை, நானும் அங்கே நின்றபோது, படையலுக்கு முன்னால் கனடாவில் இருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஆரணி அசையாமல் இருந்தாள். முதல்தடவையாக ஓடவில்லை.

"அம்மம்மா, அம்மப்பான்ரை கதை சொல்லுங்கோ."

கேதீஸ்வரியின் முகம் மலர்ந்தது. "ஓம் ராசாத்தி. அம்மப்பா தோட்டத்துக்குப் போனால், தண்ணி கடைசிப் பாத்திக்குப் போகுமட்டும் வரம்பிலை இருப்பார்..."

"அதிலை சுறா வருமா?"

கேதீஸ்வரி சுவரில் இருந்த பொன்னம்பலத்தின் படத்தைப் பார்த்தா. பேத்தியைப் பார்த்தா.

"வரும் பிள்ளை. பொறு."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"அண்ணை, கெதியா உங்கடை சுறாவைக் கொண்டு வாங்கோ. பிள்ளை எழும்பப் பாக்குது."