எங்க பூனைக்கு வயசே ஆகலை

வயதான பூனையை வைத்துக்கொண்டு அதன் இளமையைப் பற்றியே பெருமையடிக்கும் ஓர் இனம் உலகில் உண்டு. பார்த்ததில்லை என்றால் கடைத்தெருக் கோடியிலுள்ள தையல்கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். சட்டைக்கு அளவு கொடுப்பதற்குள் பூனைப் புராணம் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பூனைக்கு வயது பத்தைத் தாண்டி வெகுநாளாகிறது. ஆனாலும் அலமாரிக்கும் ஜன்னலுக்குமாகத் தாவுகிறது, வைத்ததையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டு மறுபடி வந்து நிற்கிறது, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது, காரணமே இல்லாமல் ஊரைக் கூட்டிக் கத்துகிறது. எல்லாவற்றுக்கும் தையல்காரரிடம் விளக்கம் ஒன்றுதான்.

"நம்ம வளர்ப்பு அப்படிங்க."

மெலிந்துவிட்டதே என்று சொல்லிப் பாருங்கள். "தொப்பை இல்லாம கச்சிதமா இருக்கு" என்பார், உங்கள் வயிற்றைச் சுற்றி டேப்பை இழுத்தபடி. நீங்கள் கடைப்படி ஏறும்போதே உங்கள் இடுப்பு அரை அங்குலம் கூடியிருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். ஆனால் பூனையின் கழுத்துப்பட்டை தொளதொளத்தபோது என்ன செய்தார்? பட்டை இளகிவிட்டது என்று முடிவு கட்டி, பிரித்துச் சுருக்கித் தைத்தார். மறுபடி தொளதொளத்தது. மறுபடி சுருக்கினார். பட்டை விற்ற கடைக்காரரைத் திட்டினார். பூனை இளைத்திருக்கலாம் என்பது மட்டும் அந்தத் தலைக்குள் நுழையவே இல்லை.

ஒருநாள் பூனையை மடியில் வைத்திருந்த மனைவி, "இங்க கை வச்சுப் பாருங்க. நெஞ்சு இப்படியா அடிச்சுக்கும்?" என்றார். வைத்தார். தையல் மெஷின் மோட்டார் ஓடுவது போலிருந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

கால்நடை டாக்டர் கழுத்தைத் தடவினார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். "தைராய்டு அதிகமா சுரக்குது. வயசான பூனைங்களுக்கு வர்றதுதான். இப்படியே விட்டா இதயம் தாங்காது. மாத்திரையைத் தவறாம குடுங்க."

"நல்லா ஓடியாடிட்டுத்தானே டாக்டர் இருந்துச்சு?"

"அந்த ஓட்டம்தாங்க நோய்."

மாத்திரை வேலை செய்தது. கத்தல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது, வெட்டுத்துணிக் குவியலில் சுருண்டு பகலெல்லாம் தூங்கியது. நம்மவர் முகம் தொங்கிவிட்டது. "டாக்டர் என் பூனையைக் கிழமாக்கிட்டாரு" என்று முனகினார்.

"அது கிழம்தாங்க. கிழமாவே நம்மகூட இருக்கட்டும்" என்றார் மனைவி. தையல்காரர் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். "எங்க அம்மாவுக்கு இந்த வயசுலயும் ஒரு இடத்துல உக்காரத் தெரியாது" என்று போன வாரம் ஆபீஸில் பெருமையடித்தது நீங்கள்தானே? வீட்டுக்குப் போனதும், அம்மாவின் கைவளையல் ஏன் முழங்கை வரைக்கும் ஏறுகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.