பெயர் வேண்டுமா, அனகாபுத்தூர் வாருங்கள்

தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை, இருமலை வைத்தே ஆளை அடையாளம் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்: சளி சார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டுமே வழங்கியது. தாம்பரத்தை ஒட்டிய ஆய்வு நிலையம் ஒன்றில் அவர் காசநோயை ஆராயும் விஞ்ஞானி, நான் நூலகர். சேலையூர்ப் பேருந்தில் யாராவது இருமினால் சட்டைப் பையிலிருந்து மூடி போட்ட சிறு டப்பா வெளிவரும்.

"எத்தனை வாரமா இருமறீங்க?"

ஆகவே அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அந்தச் சலுகையைப் பல ஆண்டுகள் நான் அனுபவித்தேன்.

எங்கள் நிலையத்தில் ஆய்வுக்கட்டுரை என்பது கல்யாணப் பத்திரிகை போன்றது. மணமக்கள் யார் என்பது இரண்டாம்பட்சம். பெரியப்பா, சித்தப்பா பெயர் விடுபடக் கூடாது. சோதனைக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெரியவர்கள் ஆசிரியர் வரிசையில் அணிவகுப்பார்கள். ஆசி வழங்கும் கடைசி இடம் இயக்குநருக்கு. பெயர் பெற்றவர்கள் நன்றி மறவாமல் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். மேற்கோள் ஏறினால் பதவி ஏறும்.

சளி சாரிடம் இது செல்லாது. பெயர் வேண்டுபவர் ஒருநாள் அதிகாலை, அவர் நோயாளிகளைப் பார்க்கும் அனகாபுத்தூருக்கு வந்து, நோயாளி சளி துப்பும்போது டப்பாவைப் பிடிக்க வேண்டும். முகக்கவசம் அவரே தருவார். இந்த நிபந்தனையால் அவருடைய கட்டுரைகளில் பெயர்களும் குறைவு, மேற்கோள்களும் குறைவு.

பேராசிரியர் பதவிக்கு அவருக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. இயக்குநர் அழைத்தார். மேற்கோள் விவரத்தோடு நானும் நின்றிருந்தேன்.

"இந்த பேப்பர்ல என் பேரைச் சேர்த்துடுங்க. சைட்டேஷன் தானா வரும். ப்ரமோஷனும் வரும்."

"தாராளமா சார். செவ்வாய்க்கிழமை காலைல அனகாபுத்தூர் வந்துடுங்க."

"நான் எதுக்கு?"

"டப்பா பிடிக்கத்தான்."

இயக்குநர் வந்தார் என்பதுதான் அதிசயம். சந்துக்குள் கார் நுழையாததால் ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்; விடுப்புக் கடிதத்தில் மட்டும் வேறு காரணம். சுகாதாரப் பணியாளர் செல்வி, ஓர் ஆட்டோ ஓட்டுநரைத் திறந்தவெளியில் நிறுத்தினார். சளி சார் டப்பாவை இயக்குநர் கையில் கொடுத்தார்.

"இன்னா சார், புது ஆளா? கை இப்டி ஆடுது" என்றார் ஓட்டுநர். "கரீட்டா புடி. மேல பட்டா அப்பால என்னிய சொல்லாத."

பிறகு அவர் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். இருமல் தொண்டைக்கு ஏறுமுன், இயக்குநர் டப்பாவை அருகில் நின்ற என் கையில் திணித்துவிட்டு, மீட்டிங் ஒன்று நினைவுக்கு வந்தவராய்க் காரை நோக்கி விரைந்தார். நான் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"இருமறதுக்கு முன்னயே ஓடிட்டாரே. டாக்டரா அவரு?"

"டாக்டருங்களுக்கெல்லாம் மேல" என்றார் செல்வி.

"அதான பாத்தேன்."

கட்டுரை வெளிவந்தது. முதலில் சளி சார், அடுத்து செல்வி. ஆசி வழங்கும் கடைசி இடத்தில் என் பெயர்.

"சார், நான் லைப்ரரியன்."

"டப்பா பிடிச்சீங்கல்ல?" என்றார், விவாதம் முடிந்தது என்ற தொனியில்.

நேர்முகத்தில் இயக்குநரும் குழுவில் இருந்தார். மேற்கோள் விவரத்தை வாசிப்பதற்காக நானும் அழைக்கப்பட்டிருந்தேன்.

"உங்களை யாருமே சைட் பண்ணலையே."

"என் பேப்பர்ல இருக்கறவங்களுக்கு இருமல் நின்னுடுச்சு சார். அவங்க பேப்பர் எழுதறதில்லை."

"லைப்ரரியன் பேர் போடறீங்க. என் பேர் ஒண்ணைப் போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"பத்திரிகையில பேர் போட்டா கல்யாணத்துல இருக்கணும் சார். நீங்க தாலி கட்டறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க."

பதவி வேறொருவருக்குப் போயிற்று. சளி சார் அதே சிறிய அறையிலிருந்து ஓய்வு பெற்றார். வருத்தம் இருந்திருக்கலாம், அதை எவருக்கும் காட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. சட்டைப் பையில் டப்பா இன்னமும் இருக்கிறது.

எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் இன்றும் மிகச் சிலரே. கட்டுரையாசிரியர் தம்மையே மேற்கோள் காட்டினால் கணக்கில் சேராது என்பது நூலகரான எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் இதோ, நீங்கள் படிக்கும் இந்த வாரப் பத்திரிகையில் காட்டிவிட்டேன். ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், சார்.