தழைநாட்டுப் பந்தல்

ஏழு கடலும் ஏழு மலையும் தாண்ட வேண்டியதில்லை. ஒரு முள்வேலியைத் தாண்டினால் போதும், தழைநாடு வந்துவிடும். அங்கே குடிமக்கள் எல்லாரும் செடிகொடிகள். நல்லவர்கள், உழைப்பாளிகள், வேர்விட்ட இடத்தை விட்டு நகராதவர்கள். ஆகவே ஆள்வதற்கு மிகவும் வசதியானவர்கள்.

அந்த நாட்டில் அடுப்பு கிடையாது. ஒவ்வோர் இலையும் ஒரு சமையற்கட்டு. வேர் தண்ணீர் அனுப்பும். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் உண்டு. அவை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். இலைக்குள் இருக்கும் பச்சையம் வெயிலைப் பிடித்துவைத்து, இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்கிவிடும். சமையலில் மிஞ்சும் பிராணவாயுவை வெளியே விட்டுவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்ட யாரும் நன்றி சொன்னதாக இதுவரை தகவல் இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரச் சனம் ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் புத்தியை எங்கேதான் கழற்றி வைத்துவிட்டுப் போகுமோ! அந்தத் தேர்தலில் சூரியகாந்தி நின்றாள். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள், நிலையான கொள்கை இல்லை என்று அவளைத் தோற்கடித்தார்கள். ஜெயித்தவர் வெண்குடையார் என்ற காளான். ஒரு மழைக்கு மறுநாள் காலையில் திடீரென்று முளைத்தவர். "அரசனுக்கு அழகு வெண்கொற்றக்குடை. இவரு குடையோடவே பொறந்திருக்காருப்பா!" என்று சனம் சொக்கிப்போனது. அவருக்கு ஓர் இலைகூட இல்லையே, பிறகு என்னதான் சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

அமைச்சர் பொன்னிழையார், பிறர்மேல் சுற்றிப் படரும் அம்மையார்கூந்தல் கொடியின் வம்சம். அவருக்கும் இலை கிடையாது, தரையில் வேரும் கிடையாது. மஞ்சள் நூல்போல இருப்பார். மக்கள்மீது அபாரமான பாசம். கண்டவரை எல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்வார். அவர் கட்டிப்பிடித்தவர்கள் கொஞ்ச நாளில் ஏனோ இளைத்துப்போவார்கள்.

இந்த நாட்டின் வேலியோரத்தில்தான் அஞ்சலை என்ற பாகற்கொடி இருந்தாள். வாய் கசக்கும், மனசு அப்படியல்ல. பூத்ததெல்லாம் உதிர்ந்து, கடைசியில் ஒரே ஒரு பிஞ்சு அவளுக்குத் தங்கியிருந்தது. சுண்டுவிரல் நீளம். அதற்கு அவள்தான் இலைகளில் சமைத்து ஊட்ட வேண்டும்.

"இத மட்டும் எப்பிடியாச்சும் பழுக்க வச்சிரணும் சிட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள், காலடியில் இருந்த கீழாநெல்லி சிட்டம்மாவிடம்.

"பழுக்கும்க்கா. நீ ஊட்டுற ஊட்டுக்குப் பழுக்காம எங்க போகும்?" என்பாள் சிட்டம்மா.

வெண்குடையார் அரியணை ஏறிய கையோடு அரசவைத் தவளை நாடு முழுக்கக் கத்திக்கொண்டு போனது: "வெயில் நம் மக்களைச் சுட்டெரிப்பது கண்டு மாமன்னர் மனம் வெதும்புகிறார்! இனி நாடெங்கும் நிழல்! இது மன்னரின் பரிசு!"

மன்னருக்கே வெயில் ஆகாது என்ற விவரத்தைத் தவளை விட்டுவிட்டது. நாட்டின் மேலே மூங்கில் கட்டி, கீற்று வேய்ந்து, பிரம்மாண்டமான பந்தல் எழுந்தது. ஒப்பந்தம் எடுத்தவர்கள் கரையான்கள். அவர்கள் மன்னருக்கு நெருங்கிய சொந்தம் என்பது தற்செயல்.

"குளுகுளுன்னு இருக்குல்ல!" என்று முதலில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். பிறகுதான் சமையற்கட்டுகளில் ஒன்றும் வேகவில்லை என்பது உறைத்தது. தண்ணீர் இருந்தது, காற்று இருந்தது, வெயில் இல்லை. இலைகள் வெளிறின. வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடித் தேடித் தண்டுகள் நூலாக நீண்டன.

அரசவையில் பொன்னிழையார் எழுந்து வணங்கினார். "மாமன்னா, முன்னெப்போதும் காணாத வளர்ச்சி! ஒவ்வொரு குடிமகனும் இரண்டு மடங்கு உயர்ந்திருக்கிறான்."

"நிறம் எப்படி?"

"பொன்னிறம், மன்னா. பச்சை என்பதே பழைய ஆட்சியின் மிச்சம்தானே. இப்போது நாடே பொன்மயம்."

அவை கைதட்டியது. செய்தி வேலியோரத்துக்கும் வந்தது.

"நாமல்லாம் வளந்துட்டோமாம்க்கா?" என்றாள் சிட்டம்மா, தலையைத் தூக்க மாட்டாமல்.

"ஆமாடி, நல்லாத்தான் வளந்திருக்கோம். நிக்கத்தான் முடியல."

பொன்னிழையாருக்கும் இப்போது ஒரு கவலை வந்தது. யாரைக் கட்டிப்பிடித்தாலும் முன்போல ஒன்றும் தேறவில்லை. நாட்டின் சர்க்கரை எங்கேதான் போகிறது? ஆராய்ந்தார், கண்டுபிடித்தார், மன்னரிடம் ஓடினார்.

"மன்னா, பெரும் மோசடி! இவர்கள் சமைப்பது பகலில் மட்டும். மூச்சு விடுவதோ பகல், இரவு இரண்டிலும். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சர்க்கரையை எரிக்கிறார்கள்!"

"எரிக்கிறார்களா? எதற்கு?"

"உயிரோடு இருப்பதற்காம், மன்னா. வேர் நீட்ட, தளிர் விட, காய் வளர்க்க எல்லாவற்றுக்கும் அந்தத் தெம்புதான் வேண்டுமாம்."

"அரசாங்கத்தைக் கேட்காமலா?"

"ஒரு வார்த்தை கேட்பதில்லை, மன்னா."

மன்னர் குடை நடுங்கக் கோபப்பட்டார். மூச்சுச் சிக்கனச் சட்டம் பிறந்தது. இலையடியில் உள்ள வாய்களை எல்லாம் சேறு பூசி மூட வேண்டும் என்று ஆணை. பூச வந்தவர் ஏட்டு மாடசாமி. நெருஞ்சி இனம், தரையோடு படர்ந்தே எங்கும் போய்வருவார், ஆள் முள்ளாக இருப்பார். ஆனால் அவர் இலைகளிலும் சேறு அப்பியிருந்தது.

"உமக்குமா பூசிட்டாங்க?" என்றாள் அஞ்சலை.

"ஆமாம்மா. யூனிபாரம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார் மாடசாமி, மூச்சு வாங்க முடியாமல்.

அதன்பின் இலைகள் உதிரத் தொடங்கின. 'நாட்டுக்காக இலைகள் தாமே முன்வந்து செய்யும் தியாகம்' என்று தவளை அதற்கு ஒரு பெயர் வைத்துக் கத்தியது. உதிர்ந்ததை எல்லாம் மாடசாமி கூட்டி அள்ளிக்கொண்டு போவதை அஞ்சலை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டய்யா, இதெல்லாம் எங்க போகுது?"

"அரண்மனைக்குத்தான். மக்கிப்போன எல, காஞ்ச தண்டு, அழுகின காயி. மன்னருக்குச் சாப்பாடே அதானம்மா. இப்ப முன்னவிட நல்லாச் சதை போட்டுட்டாரு."

"அடப்பாவிகளா! நாம வாடி விழுந்தாத்தான் அங்க விருந்தா?" என்று அஞ்சலை கத்தியேவிட்டாள். திரும்பிப் பார்த்தால், அவளுடைய பிஞ்சின் நுனி மஞ்சளடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வெம்பி விழும். விழுந்தால் அதையும் கூட்டி அள்ளிக்கொண்டு போய் அந்த வாயில் போடுவார்கள்.

வேலி முள்ளில் இலைகளைத் தேய்த்துச் சேற்றை உதிர்த்தாள். ஆழமாக மூச்சு விட்டாள். தண்டில் மிச்சமிருந்த சர்க்கரையை எரித்தாள். அந்தத் தெம்பில் ஒரு பற்றுக்கம்பியை நீட்டிப் பந்தல்காலைச் சுற்றினாள்.

சிட்டம்மா பதறினாள். "அக்கா, பிஞ்சுக்குன்னு வச்சிருந்தத எரிக்கிறியே! மேல போயி ஒண்ணும் இல்லேன்னா?"

"இல்லேன்னா நானும் பிஞ்சும் இன்னைக்கே போயிருவோம். இங்கயே கெடந்தா மெல்ல மெல்லப் போவோம். அவ்வளவுதான் வித்தியாசம், விடுடி."

மாடசாமி நிமிர்ந்து பார்த்தார். "மூச்சு விடுறீங்க போலிருக்கே?"

"ஆமா. பிடிச்சிட்டுப் போங்க."

"நான் தரையில படர்றவன். ஒசரத்துல நடக்கறது எனக்கெங்க தெரியுது?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகக் கூட்டப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாகற்கொடியை ஒடுக்குவதற்காகப் பந்தல் போட்டுக் கொடுத்த அரசாங்கம் உலகத்திலேயே தழைநாட்டு அரசாங்கம் ஒன்றுதான். இருட்டில் அவள் தண்டு வேறு நூலாக நீண்டு கிடந்தது. அமைச்சர் பெருமைப்பட்ட அதே வளர்ச்சி. ஏறினாள். பாதியில் கண் இருண்டது. கீழே பிஞ்சு துவண்டு தொங்கியது. இன்னொரு மூச்சு, இன்னொரு சுற்று. உச்சியில் கீற்று தட்டியது. தட்டிய இடத்தில் ஒரு பொத்தல்! ஒப்பந்தம் எடுத்த கரையான்கள் போட்ட கீற்றில் பாதியைத் தாங்களே தின்றிருந்தார்கள். ஊழலால் மக்களுக்கு நன்மை விளைந்ததாகத் தழைநாட்டு வரலாற்றில் அது ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது.

அஞ்சலையின் நுனி வெளியே வந்தது. அடடா, வெயில்! சுள்ளென்று முகத்தில் அடித்த வெயில்! ஒரு தளிர் விரிந்தது, பச்சை ஏறியது, சமையல் தொடங்கியது. சர்க்கரை தண்டு வழியாகக் கீழே இறங்கிப் பிஞ்சைத் தொட்டதும் அது மெல்ல நிமிர்ந்தது. அஞ்சலை அழுதுவிட்டாள்.

"ஏறி வாங்கடி எல்லாரும்! மேல வெயில் கொட்டிக் கெடக்கு!"

பூசணியும் பீர்க்கும் புடலையும் கால் காலாகப் பற்றி ஏறின. பொத்தல் கீற்றுகள் பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தன. மூங்கில் சட்டம் மட்டும் நின்றது. உச்சிவெயில் நேராக அரியணையில் இறங்கியது. வெண்குடையார் "மக்களே..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் குடை மடங்கி, கறுத்து, நீராக வழிந்துவிட்டார்.

பொன்னிழையார் தப்பித்துக்கொண்டார். "அந்தப் பந்தலை நான் அன்றைக்கே எதிர்த்தவன்" என்று முழங்கியபடி ஓடிவந்து அஞ்சலையின் தண்டைப் பாசத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நாடே திருவிழாக் கோலம். மாடசாமி சேற்றைக் கழுவிவிட்டு ஆசை தீர மூச்சு விட்டார். தவளை வெட்கமே இல்லாமல் வாழ்த்துக் கத்தியது. அஞ்சலையைப் போட்டியில்லாமல் அரசியாக்கினார்கள். பிஞ்சு காயாகி, காய் பழமாகி, செக்கச் செவேலென்று வெடித்துச் சிரித்தது. அதற்குள் அடுத்தடுத்துப் பிஞ்சுகள். அத்தனைக்கும் ஊட்ட வேண்டுமே! அஞ்சலை இலைமேல் இலையாக விட்டு, மூங்கில் சட்டம் முழுவதும் இடைவெளி இல்லாமல் பரப்பினாள். பார்க்கக் கண்கொள்ளாத பச்சை.

ஒரு நாள் கீழேயிருந்து சிட்டம்மா கூப்பிட்டாள். குரல் சன்னமாக இருந்தது. இலைகளில் மஞ்சள் தட்டியிருந்தது.

"அக்கா... தப்பா நெனச்சுக்காத. எலயக் கொஞ்சம் ஒதுக்கினா எங்களுக்கும் ரவ்வோண்டு வெயில் விழும்."

அஞ்சலை குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் அன்பு.

"உனக்கில்லாததாடி சிட்டு? எம் புள்ளைங்க எல்லாம் பழுத்து முடியட்டும். அப்புறம் முதல் வெயில் உனக்குத்தான்."

சிட்டம்மா அண்ணாந்து பார்த்தாள். கொடி முழுக்க அன்று காலையில்தான் மறுபடியும் பூத்திருந்தது.